பூட்டு வைத்த பீரங்கி வண்டி

பீரோக்காரரின் கை இருபத்தாறு வருஷமாக இரும்பு பீரோ செய்துகொண்டிருந்தது. அது செய்த எதிலும் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. குறையெல்லாம் அவர் வாயில்தான். அந்த வாய் ஒரே ஒரு நாள் செய்த வேலையைத்தான் அவர் மனைவி ஆறு வருஷமாகச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார்.

அதை முதலில் சொல்லிவிடலாம், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. அப்போது மனைவியின் தம்பி பட்டறையில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். சினிமாப் பைத்தியம். பீரோவுக்குக் காபிக் கலர் அடிக்கச் சொன்னால், முன்பக்கம் அடித்து முடித்துவிட்டுப் பின்பக்கத் தகட்டில் சாக்பீஸால் சண்டைக்காட்சி வரைந்துகொண்டிருப்பான். பீரோக்காரர் எத்தனையோ முறை கத்திப் பார்த்தார், கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு நிறையச் சொந்தக்காரர்கள். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது யாரோ, "தம்பி இப்ப என்ன பண்றாரு?" என்று கேட்டார்கள். கேட்டவர் பாட்டுக்குக் கேட்டார். பீரோக்காரர் சும்மா இருந்திருக்கலாம்.

"இவனைப் பெத்ததுக்கு இவங்கம்மா ஒரு பீரோவைப் பெத்திருக்கலாம். துணியாவது வெச்சிருக்கலாம்" என்றார்.

வீடே சிரித்தது. மச்சினன் மட்டும் சிரிக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவினான், செருப்பைப் போட்டுக்கொண்டான், போனவன்தான். அக்காவிடம் போனில் பேசுவான். வீட்டுக்கு மட்டும் வரமாட்டான். பீரோக்காரருக்கு அன்று ராத்திரியே உறைத்துவிட்டது, தான் பேசியது பேச்சே இல்லை என்று. ஆனால் மன்னிப்புக் கேட்பது என்றால் மட்டும் அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று ஆறு வருஷம் ஓடிவிட்டது.

அந்த மச்சினன்தான் ஒரு திங்கட்கிழமை காலை பட்டறை வாசலில் வந்து நின்றான்.

பீரோக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கையில் பிடித்திருந்த சுத்தியலைக் கீழே வைப்பதா வேண்டாமா என்றுகூடத் தெரியவில்லை. மச்சினனோ அவரைப் பார்க்காமல், அந்தக் காலத்தில் தன்னோடு வேலை பார்த்த பெயிண்டர் பக்கம் திரும்பினான். பெயிண்டருக்கு ஐம்பது வயது. பெயிண்ட் வாசனை ஆகாமல் ஓயாமல் தும்முவார். அதனால் பட்டறையில் அவர் பெயரே தும்மல்தான்.

"தும்மலண்ணே, ஒரு யுத்தப் படம் எடுக்கறேன். எனக்கு ஒரு பீரங்கி வண்டி வேணும். இங்க செஞ்சு தருவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க."

பீரோக்காரர் மூன்றடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். தும்மல் அவர் பக்கம் திரும்பி, "பீரங்கி வண்டி வேணுமாம்" என்றார்.

"எப்பக்குள்ளன்னு கேளு" என்றார் பீரோக்காரர்.

"எப்பக்குள்ள வேணுமாம்?"

"வர்ற ஞாயித்துக்கிழமை. கேமரா அன்னைக்கு ஒரு நாள்தான் கிடைக்கும். கல்குவாரியும் அன்னைக்கு ஒரு நாள்தான் விடறாங்க. பெரிய கடையில எல்லாம் கேட்டுப் பார்த்துட்டேன், சிரிக்கறாங்க. வேற வழி இல்லாமத்தான் இங்க வந்தேன், அதையும் சொல்லிடுங்க."

"செஞ்சு தர்றோம்னு சொல்லு" என்றார் பீரோக்காரர். குரல் கொஞ்சம் உடைந்தது. தும்மல் நல்லவேளையாக அந்த நேரம் பார்த்துத் தும்மினார்.

அன்று மதியம் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். "நீங்க பீரங்கி செய்வீங்களோ, ராக்கெட் செய்வீங்களோ, எனக்குத் தெரியாது. அவன் ஒரு நாள் இந்த வீட்டுக்கு வந்து உக்காந்து சாப்பிடணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றார். பீரோக்காரருக்கும் வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அவருக்கு அதைச் சொல்லத்தான் தெரியாது, செய்யத் தெரியும்.

செய்தார். பீரோ கொண்டுபோய்ப் போடும் லோடு ஆட்டோவை உள்ளே இழுத்து, சுற்றிலும் ஆங்கிள் இரும்பில் சட்டம் அடித்தார். கலர் பிடிக்கவில்லை என்று திரும்பி வந்த பீரோக்கதவுகள் பதினொன்று மூலையில் கிடந்தன. அவைதான் பீரங்கி வண்டியின் உடம்பு. பெயிண்ட் டின் மூடிகள் பக்கத்துக்கு ஏழாகச் சக்கரங்கள் ஆயின. பழைய லாரி டியூபை வெட்டி, மரச்சட்டங்களைக் குறுக்கே அடித்து அவற்றின் மேல் பட்டையாகத் தொங்கவிட்டார். சோடா மூடிகளை வரிசையாக ஒட்டியதும் பெரிய பெரிய ஆணிகள் அடித்த மாதிரி ஆகிவிட்டது. மேலே உட்கார வைக்கும் கோபுரத்துக்கு, வெடித்துப்போன பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியைப் பாதியாக அறுத்து, காகிதக்கூழ் பூசினார்.

பீரங்கிக் குழல், வீடுகளில் சாக்கடைக்குப் போடும் பிளாஸ்டிக் குழாய். அதன் வாய்க்கு மனைவி அடி கழன்ற ஒரு டம்ளரைத் தந்தார். குழலை ஏற்றி இறக்க ஒரு கைப்பிடி வேண்டும் என்றதும், தன் பழைய தையல் மெஷினின் சக்கரத்தையே கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "சுத்தினா மெதுவாத்தான் இறங்கும், பரவாயில்லையா?" என்று கேட்டார். குழலின் உள்முனை திறந்தே இருந்தது. அதில் சாக்பீஸ் பொடியைப் போட்டு சைக்கிள் பம்பால் அடித்தால், வாய் வழியாகப் புகை பறக்கும். சாக்பீஸ் பொடி யோசனை பீரோக்காரருடையது. ஏன் அது தோன்றியது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மச்சினன் தினமும் சாயங்காலம் வந்து பார்ப்பான். பேசுவது தும்மலிடம் மட்டும். வியாழக்கிழமை வந்தபோது வண்டி பச்சை எனாமலில் பளபளவென்று நின்றது. முகத்தைச் சுளித்தான். "சண்டைக்குப் போயிட்டு வந்த வண்டி மாதிரியா இருக்கு? கடை வாசல்ல விக்க வெச்ச மாதிரி இருக்கு."

இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகப் பீரோக்காரர் தான் செய்த ஒன்றைத் தானே சுத்தியலால் அடித்து நெளித்தார். ஒவ்வோர் அடிக்கும் அவர் முகம்தான் நெளிந்தது. சேற்றைப் பூசி, டீத்தூளை அப்பி, தும்மல் மேலே ஒரு துருக்கலர் அடித்து முடித்ததும் மச்சினன் வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி வந்தான். போகும்போது சோடா மூடி ஒன்றை விரலால் தடவிவிட்டுப் போனான். பீரோக்காரர் அதைப் பார்த்துவிட்டார். அன்று இரண்டு கவளம் கூடச் சாப்பிட்டார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த காரியத்தில் அவர் கை இரண்டு விஷயம் தன் பாட்டுக்குச் செய்தது. ஓட்டுகிறவர் வெளியே பார்க்க முன்னால் ஒரு நீளமான சந்து விட்டிருந்தார். அவர் செய்த பீரோ எதிலும் எலி புகுந்ததில்லை. சந்து என்று ஒன்று இருந்தால் அவருக்குப் பொறுக்காது. அதில் கம்பிவலையை வைத்து ரிவிட் அடித்துவிட்டார். அது ஒன்று.

இரண்டாவது, கோபுரத்தின் இரும்பு மேல்மூடி. வண்டிக்குள் ஏறி இறங்க அது ஒன்றுதான் வழி. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வண்டியைக் கிளப்பிப் பார்த்தபோது அந்த மூடி கடகடவென்று ஆடியது. பீரோக்காரருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். மூடினால் தானாகவே பூட்டிக்கொள்ளும் பூட்டு ஒன்றை எடுத்துப் பொருத்தினார். மூடினார். டக்கென்று உட்கார்ந்தது. சாவி போட்டுத் திறந்தார். திறந்தது. மனசு நிறைந்துபோய், எல்லா பீரோவுக்கும் செய்வது போலவே, சாவி இரண்டையும் நூலில் கோர்த்து உள்ளே ஒரு கொக்கியில் கட்டித் தொங்கவிட்டார். சாவி இல்லாமல் பீரோ டெலிவரி ஆனதாக யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

கல்குவாரியில் மச்சினனின் சேக்காளிகள் ஒரு தெருவையே குண்டு போட்டு அழித்து வைத்திருந்தார்கள். தக்காளிப் பெட்டிகளும் அட்டைகளும் சுண்ணாம்பில் முக்கிய சாக்குகளும்தான் தெரு. ஐந்து வீட்டுக்கும் முன்பக்கம் மட்டும் உண்டு. துப்பாக்கியெல்லாம் திரைச்சீலைக் கம்பி, தலைக்கவசமெல்லாம் பச்சையடித்த பிளாஸ்டிக் கிண்ணம். இரண்டு பக்கத்துப் படைக்கும் சேர்த்து ஆறே பேர், கிண்ணத்தை மாற்றிக்கொண்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடினார்கள். கதாநாயகன் நிஜத்தில் பஸ் கண்டக்டர். லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கேமரா, கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு பெண்ணுடையது.

கடைசிக் காட்சி இதுதான். எதிரியின் வண்டி சுட்டுக்கொண்டே வந்து சுவருக்கு முன்னால் நிற்கும். கண்டக்டர் மேலே பாய்ந்து மூடியைத் திறப்பார். உள்ளேயிருந்து சுடுவார்கள் என்று பார்த்தால், இரண்டு கைகள் மட்டும் மேலே எழும். எதிரியாக நடிக்க வேண்டியவருக்கு லீவு கிடைக்கவில்லை. வண்டி ஓட்டத் தெரிந்தவர் யார் என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் பீரோக்காரரைப் பார்த்தார்கள்.

"கையைத் தூக்க வருமான்னு கேளுங்க" என்றான் மச்சினன் தும்மலிடம்.

"வரும்னு சொல்லு" என்றார் பீரோக்காரர்.

உள்ளே இறங்கி மூடியை இழுத்தார். டக். அந்தச் சத்தம் கேட்டு எப்போதும் போல ஒரு திருப்தி. வண்டியைக் கிளப்பினார், பம்பை அடித்தார், வெள்ளைப் புகை பறந்தது, வெளியே யாரோ "ஆஹா" என்றார்கள். சுவருக்கு முன்னால் சரியாக நிறுத்தினார். தலைக்கு மேல் தொம்மென்று கண்டக்டர் குதித்தார். பீரோக்காரர் இரண்டு கைகளையும் தூக்கினார். கை இரும்பில் இடித்தது.

மேலே இழுக்கும் சத்தம். மறுபடியும் இழுக்கும் சத்தம். "திறக்கலைங்க!" என்றார் கண்டக்டர், எதிரிக்கு மரியாதை கொடுத்து. பிறகு துப்பாக்கிக் கட்டையால் நெம்பினார். திரைச்சீலைக் கம்பி வளைந்து இரண்டாக முறிந்தது.

அப்போதுதான் பீரோக்காரருக்கு விஷயம் விளங்கியது. காதோரத்தில் சாவி ஆடிக்கொண்டிருந்தது. எடுத்தார். பூட்டின் உள்பக்கத்தைத் தடவினார். வழவழவென்று இருந்தது. சாவித் துவாரம் வெளியில் மட்டும்தான். பீரோவை யார் உள்ளேயிருந்து திறக்கப் போகிறார்கள்!

என்ஜினை அணைத்தார். வெயிலில் தகடு கொதித்தது. வெளியே எல்லோரும் வண்டியைச் சுற்றி வந்துவிட்டார்கள். "கீல் எங்க இருக்கு?" "உள்பக்கம்." "கோபுரத்தைக் கழட்டிடலாமே?" "பதினாறு போல்ட்டு, நட்டெல்லாம் உள்ள, ஸ்பேனர் பட்டறையில. அவர் செஞ்சது, பத்து வருஷம் கேரண்டி" என்றார் தும்மல் பெருமையாக. தகடு அறுக்கும் மெஷினும் பட்டறையில். போய் வருவதற்குள் வெயில் இறங்கிவிடும். அறுத்தால் வண்டியும் போச்சு, படமும் போச்சு.

பீரோக்காரர் இருட்டில் உட்கார்ந்திருந்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் வாய் கெடுத்தது, இன்றைக்குக் கை கெடுத்துவிட்டது. இனி எந்த முகத்தோடு மனைவி முன்னால் போய் நிற்பது என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. சாக்பீஸ் பொடி என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அங்கே யாரும் இல்லை, அதனால் நன்றாகவே அழுதார்.

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் மறைந்தது. மச்சினனின் முகம். ஆறு வருஷத்தில் இத்தனை பக்கத்தில் அதைப் பார்த்ததே இல்லை. காதோரம் இரண்டு நரை விழுந்திருந்தது.

"மூச்சு விட முடியுதா?" நடுவில் தும்மல் இல்லை. நேராகவே கேட்டான்.

"முடியுது." சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டு, "தப்பு பண்ணிட்டேன், மாப்ள" என்றார்.

"பூட்டுத்தானே, விடுங்க. பழக்கதோஷம்."

"பூட்டுக்குச் சொல்லல."

மச்சினன் வலைக்கு இன்னும் நெருங்கி வந்தான்.

"அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி அப்படிப் பேசினேனே, அதுக்குச் சொல்றேன். மறுநாளே வந்து சொல்லியிருக்கணும். வாய் வரல. உனக்கு வேலை தெரியும்னு எனக்கு அப்பவே தெரியும். பீரோவுக்குப் பின்னாடி நீ வரைஞ்சதை ஒண்ணைக்கூட நான் அழிக்கச் சொன்னதில்ல, தும்மலைக் கேட்டுப் பாரு. அப்படியே டெலிவரி பண்ணுவோம்."

தும்மல் எங்கேயோ தும்மினார். மச்சினன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சாவி எங்க?" என்று கேட்டான்.

"என் கையிலதான் இருக்கு."

வெளியே ஆறு பேர் படையும் விழுந்து விழுந்து சிரித்தது. உள்ளே பீரோக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சுற்றுமுற்றும் பார்த்தவரின் கண்ணில் குழல் பட்டது. உள்முனை திறந்திருந்தது. அந்தக் கோடியில் டம்ளர் அகலத்துக்கு ஒரு வட்டம் வெளிச்சம்.

"மாப்ள, குழல்ல போட்டு அனுப்பறேன்." சாவியைப் போட்டார். குழல் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டிருந்தது. போட்ட சாவி கிணுகிணுவென்று அவர் மடியிலேயே வந்து விழுந்தது. "இரு, குழலை இறக்கறேன்" என்று சக்கரத்தில் கை வைத்தார்.

"இறக்காதீங்க!"

பீரோக்காரர் கையை எடுத்துவிட்டார். வலை வழியாகப் பார்த்தபோது மச்சினன் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தான். வண்டியைப் பார்த்தான், குழலைப் பார்த்தான், அது கீழே இறங்கப் போகும் இடத்தைப் பார்த்தான். பட்டறையில் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு வெறும் தகட்டைப் பார்ப்பானே, அந்தப் பார்வை.

"கேமராவை இங்க கொண்டா. கண்டக்டரண்ணே, நீங்க நேரா குழலுக்கு முன்னாடி நில்லுங்க. உங்க துப்பாக்கி முறிஞ்சதும் அப்படியே கையில இருக்கட்டும். ஓடாதீங்க, சாகப் போறோம்னு நில்லுங்க, அது போதும்." பிறகு இரண்டு கைகளையும் வாயருகில் குவித்துக் கூப்பிட்டான். "நான் சொன்னப்புறம் இறக்குங்க. மெதுவா. எவ்வளவு மெதுவா முடியுமோ, அவ்வளவு மெதுவா!"

பீரோக்காரர் சாவியைக் குழலுக்குள் வைத்து, மனைவியின் தையல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப!"

சுற்றினார். அது மெதுவாகத்தான் இறங்கும். வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்ற குழல் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. கண்டக்டரின் நெற்றிக்கு நேராக வந்தது, மார்புக்கு வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அது அங்கேயும் நிற்காமல் இன்னும் தாழ்ந்து, தரையைத் தொடும் வரைக்கும் குனிந்தது. மிச்சமிருந்த வெள்ளைப் பொடி மெல்ல உதிர்ந்தது. அதோடு நூலில் கோர்த்த இரண்டு சாவிகள் சறுக்கிக்கொண்டு வந்து கண்டக்டரின் காலடியில் விழுந்தன.

பீரோக்காரர் வலை வழியாகக் கண்டக்டரைப் பார்க்கவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற மச்சினனைப் பார்த்தார். அவன் குனிந்த குழலையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டே, புறங்கையால் கண்ணைத் துடைத்தான்.

கண்டக்டர் சாவியை எடுத்து, வண்டி மேல் ஏறி, மூடியைத் திறந்தார். பளீரென்று வெயில் உள்ளே விழுந்தது. பீரோக்காரர் இரண்டு கைகளையும் தூக்கினார். இந்தத் தடவை இடிக்கவில்லை.

"எடுத்தாச்சு!" என்று கேமராப் பெண் கத்தினாள். ஒரே கூச்சல். மச்சினன் ஓடிவந்து வண்டி மேல் ஏறினான். தூக்கிய கையைப் பீரோக்காரர் இறக்கவே மறந்துவிட்டார். அந்தக் கையைப் பிடித்து இழுத்து, "வெளிய வாங்க, மாமா" என்றான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மனைவி கதவைத் திறந்தபோது, தலையிலிருந்து கால்வரை வெள்ளைப் பொடியோடு புருஷன் நின்றுகொண்டிருந்தார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் தம்பி.

தம்பிதான் முதலில் பேசினான். "அக்கா, பீரோ இருந்தா துணியாவது வைக்கலாம்னு மாமா சொன்னாரு இல்ல? இன்னைக்கு நான் மாமாவையே வெச்சுப் பார்த்துட்டேன். நல்ல பீரோதான். ஆள் ஒண்ணும் கசங்கல."

பீரோக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். ஆறு வருஷமாக அந்த வீட்டில் யாரும் சிரித்துக்கொண்டு எடுக்காத பேச்சு அது. மனைவி சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அழுது, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தம்பியின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.

"போய்க் கை கழுவு. அன்னைக்கு பாதியில எழுந்து போனவன், இன்னைக்கு முழுசாச் சாப்பிட்டுட்டுத்தான் எழுந்திருக்கணும்."

அவன் உள்ளே போனான். பீரோக்காரர் பையிலிருந்த சாவிகளை எடுத்து நூலை அவிழ்த்தார். ஒன்றைத் தன் பையில் போட்டுக்கொண்டார். இன்னொன்றை, சாப்பிட உட்கார்ந்த மச்சினனின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அவனருகில் உட்கார்ந்தார்.